சொந்தமா மெயில் சர்வர் போட்ட கதை: எதை எடுத்தேன், எங்க அடி வாங்குனேன்

பன்னெண்டு மெயில்பாக்ஸ் தான, இதுக்குப் போய் என்ன பெரிய வேலைன்னு தான் ஆரம்பிச்சேன்.

முதல்ல எல்லாத்தையும் ஒரே பொட்டலமா குடுக்குற மெயில்கவ் பாத்தேன், நல்லா தான் இருந்துச்சு, ஆனா அதுக்கு 6 ஜிபி ரேம் வேணுமாம், என் சர்வர்ல இருந்ததே 2 ஜிபி. சரி, தனித்தனியா போட்டுக்கலாம்னு இறங்கிட்டேன்.

மெயில் வாங்கி அனுப்புறதுக்கு எக்ஸிமா போஸ்ட்பிக்ஸான்னு ஒரு நாள் யோசிச்சேன். எக்ஸிம் கான்பிக்ல என்ன வேணா எழுதலாம், என்னைய மாதிரி ஆளுக்கு அதான் ஆபத்தே. 1998ல வெளிவந்த போஸ்ட்பிக்ஸ் வேலைய சின்னச் சின்ன புராசஸா பிரிச்சு வச்சிருக்கு, ஒண்ணு விழுந்தாலும் மத்தது ஓடும், லாகும் (என்ன நடந்துச்சுன்னு எழுதி வைக்கிற பதிவு) படிச்சா புரியுது. ஐமேப்புக்கு (போன்லயும் கம்ப்யூட்டர்லயும் மெயில எடுத்துப் படிக்கிற வழி) டவ்காட், அதுல யோசிக்கவே இல்ல.

ஸ்பாம் பில்டர்ல தான் மூணு நாள் போச்சு. ஸ்பாம்அசாசின் பழைய ஆளு, பெர்ல்ல எழுதுனது, என் குட்டி சர்வர்ல மூச்சு வாங்குச்சு. ஆர்ஸ்பாம்டி சி மொழில எழுதுனது, வேகம், டிகேஐஎம் கையெழுத்தையும் (மெயில் நம்ம டொமைன்ல இருந்து தான் வருதுன்னு காட்டுறது) அதுவே போட்டுடும். ஒவ்வொரு மெயிலுக்கும் மார்க் போடுது: 4 தாண்டுனா அப்புறம் வான்னு சொல்லும், 6 தாண்டுனா ஸ்பாம்னு முத்திரை, 15 தாண்டுனா வாசல்லயே திருப்பி அனுப்பிடும். அதுல மெயில்களப் பாத்துக் கத்துக்குற பகுதிக்குப் பேரு பேய்ஸ், அது வேலை செய்ய ஆரம்பிக்கணும்னா நல்ல மெயில் 200, ஸ்பாம் 200 காட்டிக் குடுக்கணும், ஸ்பாமுக்குப் பஞ்சமே இல்ல, நல்ல மெயில் 200 தேத்துறதுக்குத் தான் எல்லாரோட பழைய இன்பாக்ஸையும் கேட்டு வாங்க வேண்டியதாயிடுச்சு.

இப்ப அடி வாங்குன இடம். எல்லாம் ஓடுதுன்னு நிம்மதியா இருந்தப்ப ஒரு காலைல பாத்தா புது மெயில் ஒண்ணு கூட இல்ல, லாக்ல வரிக்கு வரி 554ங்கிற மறுப்பு எண், அனுப்புனவன் யாரா இருந்தாலும் பிளாக்லிஸ்ட்ல (ஸ்பாம் அனுப்புற சர்வர்களோட பட்டியல், டிஎன்எஸ் வழியா கேட்டுப் பாக்குறது) இருக்கான்னு சொல்லி வெளிய தள்ளியிருக்கு. பிளாக்லிஸ்ட் குடுத்த பதில, டிஎன்எஸ்கிட்ட கேக்குற டிக் கமாண்ட கையாலயே போட்டுப் பாத்தேன், 127.255.255.254. அது 'ஸ்பாமர்' இல்லைங்க, 'பப்ளிக் டிஎன்எஸ் வழியா என்கிட்ட கேக்காத'ன்னு அர்த்தம். நான் சர்வர்ல கூகுளோட பப்ளிக் டிஎன்எஸ் 8.8.8.8 போட்டு வச்சிருந்தேன், போஸ்ட்பிக்ஸோ என்ன பதில் வந்தாலும் 'ஆள் லிஸ்ட்ல இருக்கான்'னு எடுத்துக்கிட்டுச்சு. லோக்கலா அன்பவுண்ட் (சர்வர்லயே ஓடுற சொந்த டிஎன்எஸ்) ஏத்தி, பிளாக்லிஸ்ட போஸ்ட்பிக்ஸ்ல இருந்து தூக்கி ஆர்ஸ்பாம்டில வெறும் மார்க்கா மட்டும் வச்சதும் சரியாச்சு. ஆனா 554 நிரந்தர மறுப்பு, அன்னைக்குப் போன மெயில் போனது தான். முதல் மாசம் மட்டும் போஸ்ட்பிக்ஸ்ல சாப்ட்_பவுன்ஸ் ஆன் பண்ணி வச்சிருந்தா 5ல ஆரம்பிக்கிறதெல்லாம் 4 (தற்காலிக மறுப்பு) ஆயிருக்கும், அனுப்புனவங்க சர்வரே மறுபடி முயற்சி பண்ணியிருக்கும். புதுசா போடுறவங்க இத மொதல்ல பண்ணிடுங்க.

வெளிய போற பக்கம் எஸ்பிஎப், டிமார்க், ரிவர்ஸ் டிஎன்எஸ் எல்லாம் (மெயில் நிஜமா நம்மகிட்ட இருந்து தான் வருதுன்னு சரிபாக்க உதவுற டிஎன்எஸ் ரெக்கார்டுங்க) வழக்கமானது தான். 2048 பிட் டிகேஐஎம் சாவி மட்டும் 255 எழுத்துக்குள்ள அடங்காது, டிஎன்எஸ்ல டிஎக்ஸ்டி ரெக்கார்டு ஒண்ணுக்குள்ளயே ரெண்டு துண்டா ஒடச்சுப் போடணும், நான் முழுசா ஒட்டிட்டு ஒரு ராத்திரி பூரா முழிச்சேன்.

கடைசில கிரேலிஸ்ட்டிங்க (ஆர்ஸ்பாம்டி 'அப்புறம் வா'ன்னு சொல்றத) நிறுத்திட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்த ஓடிபிய வச்சுக்கிட்டு டீம்ல ஒருத்தர் திட்டுன திட்டு இன்னும் காதுல கேக்குது.