பேச்சிப்பாறை அணையில் தூண்டில்: மீன் எத்தனை பாகத்தில் நிற்கிறது?

நான் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன். சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலில் தூண்டில் போடுகிற விசைப்படகில் வேலை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எங்கள் ஊரில் அந்த இரண்டு மாதமும் கடல் இரைந்துகொண்டே இருக்கும், வீட்டில் கை சும்மா இருக்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் மலைப்பக்கம் போய் அணையில் தூண்டில் போடக் கற்றேன். நம்ம மாவட்டத்துப் பையன்கள் பலர் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆசையைக் கிளப்பிவிட்டது ட்ரவுட் மீன். படகில் தூண்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ராத்திரிகளில், செல்போனில் பதிந்து வைத்திருந்த வெளிநாட்டு வீடியோக்களைப் பார்ப்போம். மலைக்கு நடுவே யாருமில்லாத பெரிய ஏரி, கரும்பச்சைத் தண்ணீர், ஒரு சின்னப் படகு, இரண்டு பேர். கோடையில் அந்த ஏரிகளில் மேல்தண்ணீர் சூடாகிவிடும். ட்ரவுட்டுக்குக் குளிர்ச்சியும் வேண்டும், மூச்சுவிட ஆக்சிஜனும் வேண்டும். அதனால் இரண்டும் கிடைக்கிற ஒரு மட்டத்தில் போய் நின்றுகொள்ளும். அவர்கள் பயன்படுத்தும் ஒருவகை நூலுக்கு உள்ளே ஈயக்கம்பி இருக்கிறது. பத்து கஜத்துக்கு ஒருமுறை நூலின் நிறம் மாறும். எத்தனை நிறம் வெளியே போயிருக்கிறது என்று எண்ணித்தான் ஆழத்தைப் பிடிக்கிறார்கள். கடல்காரனான எனக்கு அந்தக் கணக்கு உடனே பிடித்துப்போயிற்று.

நம்ம நாட்டிலும் ட்ரவுட் உண்டு. நீலகிரியில் 1863-லேயே பிரான்சிஸ் டே கொண்டுவரப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய பிறகு வில்சன் என்பவர் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வேரூன்றச் செய்தார். தண்ணீரின் சூடு 20 டிகிரிக்கு மேல் போனால் திணறுகிற மீன் அது. கன்னியாகுமரி மாவட்டத்து அணைகளில் மார்கழியில்கூட அந்தக் குளிர் வராது. சரி, மீன் வராவிட்டால் என்ன, அந்த முறை இங்கே வருமா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

பேச்சிப்பாறையைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் கைகள். கோதையாற்றின் குறுக்கே 1906-ல் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் கட்டி முடித்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. அணைச்சுவர்ப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு பெரிய குளம் என்று தோன்றும். வள்ளத்தில் உள்ளே போனால்தான் தெரியும், தண்ணீர் மலை இடுக்குகளுக்குள் கைகைகளாக நுழைந்து கிடக்கிறது. தச்சமலை, தோட்டமலைப் பக்கத்துக் காணிக்காரப் பழங்குடி மக்கள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் வருகிறார்கள். நல்ல மழைக்காலத்தில் சில கைகளில் நாள் முழுக்க இன்னொரு மனிதரைப் பார்க்க முடியாது.

முதலில் அனுமதி. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. அணையில் குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள், பிடிக்கும் உரிமை ஒருவர் கையில் இருக்கும். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, அவரைப் போய்ப் பார்த்தேன். வலை கூடாது, தூண்டில் மட்டும், இருட்டுமுன் கரையேற வேண்டும், அணைச்சுவர்ப் பக்கமும் மதகுப் பக்கமும் வரவே கூடாது என்றார். சுற்றிலும் இருப்பது வனவிலங்கு சரணாலயம் என்பதால் வனத்துறையிடமும் சொல்லிவிட்டு, காட்டுக் கரையில் இறங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டேன். யானை தண்ணீர் குடிக்க வரும் கரைகள் அவை. நமக்கு வேலை தண்ணீரில்தான்.

உண்மையான பாடம் தடைக்காலத்துக்கு முன்பே, புனித வாரத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது நடந்தது. கும்பப்பூ நெல்லுக்குப் பாசனம் முடிந்து பிப்ரவரிக் கடைசியில் அணையை மூடுவார்கள். ஏப்ரலில் நீர்மட்டம் நன்றாக இறங்கியிருக்கும். அணைத் தண்ணீரின் வயிற்றைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. எனக்குப் பழக்கமான ஒரு காணிக்கார அண்ணன் வள்ளம் துழைய, உள்ளே போனோம். பழைய ஆற்றின் பாதை எங்கே வளைகிறது, எங்கே பாறைத்திட்டு, எங்கே மரக்குற்றிகள் என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அணை கட்டிய காலத்தில் மூழ்கிய மரங்களின் குற்றி சில இன்னும் கல்போல நிற்கிறது என்று அவர் காட்டினார்.

அந்த இடங்களை மறக்காமலிருக்கக் கணியம் பார்த்தேன். கடலில் எங்கள் அப்பன், தாத்தன் எல்லாரும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, கண்டுபிடித்த வழி இதுதான். கரையில் ஒரு கோவில் கோபுரமும் பின்னால் ஒரு மலைமுகடும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், வேறு திசையில் இன்னொரு ஜோடி நேர்கோட்டில் வர வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். அணையில் கோபுரம் இல்லை. ஒற்றைப் பாறைக்குப் பின்னால் மலைமுகடு, வளைந்த இலவமரத்துக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தின் மூலை என்று எழுதிவைத்தேன். கூடவே அன்றைய நீர்மட்டத்தையும் குறித்தேன். இது முக்கியம். நம்ம ஊர்ப் பத்திரிகைகளில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்மட்டம் அடிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். ஏப்ரலில் தண்ணீரோடு தண்ணீராகத் தலை தெரிந்த ஒரு குற்றி, மட்டம் பத்தடி ஏறிய நாளில் பத்தடிக்குக் கீழே இருக்கும். வேறு கருவியே வேண்டாம்.

அன்றைக்கே பழைய ஆற்றுப் பாதையில், ஆழமான இடம் பார்த்து, அடி எப்படி இருக்கிறது என்று சோதித்தேன். கடலில் கலவாய்க்கு நாங்கள் அடிக்குத்தான் விடுவோம், ஈயம் பாரில் தட்ட வேண்டும். இங்கே ஈயம் தட்டவில்லை, மெல்லப் புதைந்தது. வெகுநேரம் விட்டுவைத்தும் நூலில் ஓர் அசைவில்லை. இழுத்து எடுத்தால் இரையில் ஒரு பல்பட்ட தடம்கூடக் கிடையாது. ஈயத்தில் அப்பியிருந்த கருஞ்சேறு அழுகின முட்டை நாற்றம் அடித்தது.

“மக்களே, அடியிலெ போடாத. அங்கெ எலயும் சேறுந்தான். மீனு குற்றிக்கெ மேலெ நிக்கும்” என்றார் அண்ணன்.

அந்த நாற்றம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மலையிலிருந்து வருகிற இலை, சருகு எல்லாம் அடியில் மக்குகிறது. வெயில் காலத்தில் மேலே சூடான, லேசான தண்ணீர். கீழே குளிர்ந்த, கனமான தண்ணீர். இரண்டும் கலக்காமல் நிற்கும்போது அடியில் இருக்கிற ஆக்சிஜனை அந்த மக்கல் தின்று தீர்த்துவிடும். குளிர்நாட்டு ஏரியில் ட்ரவுட் கீழே இறங்கி ஒதுங்குகிறது. நம்ம அணையில் கீழே ஒதுங்க இடமில்லாமல் மீன் நடுமட்டத்தில் நிற்கிறது. காரணம் வேறு வேறு, ஆனால் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: எந்த மட்டம்?

அந்த மட்டத்தைப் பிடிக்க நூலுக்குக் குறி போட்டேன். பாகம் என்றால் எங்கள் கடல் கணக்கில் ஆறடி. தங்கூசியில், அதாவது தூண்டில் நைலான் நூலில், அரைப் பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் முடிச்சு, ஒரு பாகத்துக்கு ஒரு மஞ்சள் முடிச்சு. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, எங்கள் கணக்கில் எட்டுப் பாகம். அதற்கு மேல் குறி தேவைப்படவில்லை. முடிச்சு விரல் நுனியில் தட்டுப்பட வேண்டும், ஆனால் கையை அறுக்கக் கூடாது. அதனால் தையல் நூலை நனைத்து இறுக்கி, நுனியை ஒட்டக் கத்தரித்துவிட்டேன். மத்தியானத்துக்கு மேல் இடுக்குகளில் காற்று இறங்கி வள்ளத்தைத் தள்ளும். அப்போது நூல் சரிந்து போகும். 45 டிகிரி சரிந்தால், நாலு பாகம் விட்டாலும் இரை நிற்பது மூணு பாகத்துக்கும் குறைந்த ஆழத்தில்தான். ஆகவே காலையில் போடுவதே நல்லது. காற்று வந்தால் நூலைக் கூட்ட வேண்டும், அல்லது ஈயத்தைக் கூட்ட வேண்டும்.

ஜூனில் தடைக்காலம் தொடங்கியதும் குலசேகரம் போய், அங்கிருந்து பஸ் மாறி அணைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. இரைக்கு வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் கடலைப் புண்ணாக்கும், பிடிப்புக்குக் கொஞ்சம் மைதாவும் சேர்த்துப் பிசைந்துகொள்வேன். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்மட்டத்தில் மேய்கிற மீன். ரோகு நடுவில். மிருகாலுக்கு வாய் கீழ்நோக்கி, அது தரையைத் துழாவும், ஆகவே ஆழம் குறைந்த, நல்ல தரையுள்ள ஓரங்களில்தான் கிடைக்கும். மீனின் வாயைப் பார்த்தால் எந்த முடிச்சில் நிற்க வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஒவ்வொரு முடிச்சாக இறக்கி, கொஞ்ச நேரம் நின்று, கொத்து இல்லையென்றால் அடுத்ததற்குப் போக வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

முதல் ரோகு எனக்குக் கிடைத்தது இரண்டாவது மஞ்சளுக்கும் அடுத்த சிவப்புக்கும் நடுவில், ஒரு குற்றியின் தலைக்கு மேலே. கடல் மீன் இரையை அடித்து இழுக்கும், கை அதிரும். ரோகு அப்படி இல்லை. நூல் ஒரு நொடி கனம் குறைந்து தளர்ந்தது, அவ்வளவுதான். மீன் இரையை வாயில் வைத்து மேலே தூக்கியிருக்கிறது. ஆள்காட்டி விரலில் நூலைத் தொங்கவிட்டிருந்ததால் அந்தத் தளர்ச்சி தெரிந்தது. சுண்டி இழுத்ததும் அது குற்றியைப் பார்த்து ஓடியது. குற்றியில் நூல் சுற்றினால் அறுந்துவிடும். அண்ணன் ஒன்றும் பேசாமல் இரண்டு துழை போட்டு வள்ளத்தை ஆழப்பக்கம் நகர்த்தினார். அந்த இரண்டு துழையில்தான் மீன் எங்களுடையதாயிற்று. வெளியே வந்தபோது செதிலின் ஓரமெல்லாம் செம்பு நிறம். கடலில் எத்தனையோ பெரிய மீன்களைத் தூக்கிப்போட்டவன் நான், இதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தென்மேற்குப் பருவமழை பலத்துவிட்டால் கணக்கு மாறும். மலையிலிருந்து இறங்கும் புதுவெள்ளம் குளிர்ச்சி, கலங்கலும் கூட. அது மேலே பரவாமல் பழைய தண்ணீருக்கு அடியில் நுழைந்து போகும். ஓடை வந்து சேருகிற வாயில், கலங்கலும் தெளிவும் சந்திக்கிற ஓரத்தில் மீன் கூடும், நல்ல ஆக்சிஜனும் இரையும் அங்கேதான். அந்த நாட்களில் எனக்கு ஒரு பாகத்திலேயே கொத்து கிடைத்தது, மண்புழு குத்திய சின்ன முள்ளுக்குத் திலாப்பியா அடுக்கடுக்காக வந்தது. ஆனால் மலையில் இடி கேட்டால் ஓடை வாயில் நிற்கக் கூடாது. தண்ணீர் எந்த வேகத்தில் வரும் என்று சொல்ல முடியாது.

கடற்கரைப் பையன்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். நீந்தத் தெரியும் என்று மிதவைச் சட்டையை வள்ளத்தில் கழற்றிப் போடாதீர்கள். உப்புத் தண்ணீர் தாங்குகிற மாதிரி நல்ல தண்ணீர் நம்மைத் தாங்காது. கீழே குற்றியும் கொடியும் காலைப் பிடிக்கும். நான் ஒருநாளும் தனியாகப் போனதில்லை.

கட்லாவும் ரோகும் மிருகாலும் தேங்கின தண்ணீரில் லேசில் முட்டை போட்டுப் பெருகாது, ஓட்டமுள்ள வெள்ளம் வேண்டும். அதனால்தான் குஞ்சு விடுகிறார்கள். அரைக் கிலோவுக்குக் குறைந்ததை நான் திருப்பி விட்டுவிடுவேன், அதுவும் கையை நனைத்துக்கொண்டு, முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றி. திலாப்பியாவுக்கு அந்தக் கவலை வேண்டாம். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் அது. வாயிலேயே குஞ்சு காத்துத் தானாகப் பெருகிக்கொள்ளும். கிடைத்த அளவெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் அணை மீன் என்றால் சேற்று வாசம் என்று முகம் சுளிப்பார்கள். உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, வயிற்றுக்குள் இருக்கும் கருப்புத் தோலை முழுக்க உரித்துவிட்டு, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் அந்த வாசம் பெரும்பாலும் போய்விடும். தேங்காய் வறுத்தரைத்து அம்மா வைத்த ரோகு குழம்புக்கு மரச்சீனி பத்தவில்லை.

வருகிற தடைக்காலத்தில் பெருஞ்சாணியில் அனுமதி கேட்கப் போகிறேன். அங்கே முழு மட்டம் 77 அடி, பதிமூன்று பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு. தங்கூசியில் இன்னும் ஐந்து மஞ்சள் முடிச்சு போட வேண்டும். அதற்கு முன் ஏப்ரலில் தண்ணீர் வற்றும்போது ஒருமுறை போய்க் குற்றிகளைப் பார்த்துவிட வேண்டும், அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார்.