அது ஆற்றை காணி?

எங்கள் பாடசாலையில் வரலாறு படிப்பித்த சேர் காலமான செய்தி சென்ற மார்கழியில் வந்தது. அவருடைய வேட்டியும் குடையும் மழைக்கு ஒழுகும் மேல்மாடி வகுப்பும் உங்களுக்குத் தெரிந்தவைதான். நான் எழுத வந்தது 1972இல் ஒரு பாடவேளையைப் பற்றி.

இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சியின் நன்மைகள் பற்றி நான் எழுதிய கட்டுரையை எழும்பி நின்று வாசிக்கச் சொன்னார். ஆளில்லாக் காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள், றெயில் விட்டார்கள், நாடு முன்னேறியது என்று வாசித்தேன்.

"அது ஆற்றை காணி, தம்பி?"

யாருடைய நிலம் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல், பேசாமல் நின்றேன்.

"போட்ட காசு ஆற்றை? வெட்டின கை ஆற்றை?"

பிறகு அவரே சொன்னார். 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்த பிரித்தானியா 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிமாருக்கு. அடிமை உழைப்பு நின்று மேற்கிந்தியத் தீவுகளில் கோப்பி விளைச்சல் விழ, கண்டி மலைகளுக்கு விலை வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் பிரித்தானிய அரசுக்கே உரியவை என்றது. ஊரவர் மாடு மேய்த்த, காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்த நிலம் ஏக்கர் 5 சிலிங்குக்குப் போனது. வாங்கியவர்களில் அரச உத்தியோகத்தரும் இருந்தார்கள். "சட்டம் எழுதினவனும் காணி வாங்கினவனும் ஒரே ஆக்கள். முதலாளியின்ரை காசு பெருக வேணுமெண்டால், அதுக்கு முன்னாலை அரசு போக வேணும், விளங்குதே?" இந்த ஒரு வசனத்துக்கு மேல் ஏகாதிபத்தியம் பற்றி நான் பின்னர் படித்ததெல்லாம் விரிவுரைதான்.

"கை ஆற்றை எண்டு நீ இன்னும் சொல்லேல்லை."

"தோட்டக்காட்டாங்கள்தானே, சேர்."

மலையகத் தோட்டத் தொழிலாளரை இளக்காரமாகச் சொல்லும் பெயர் அது. வகுப்பு சிரித்தது. மலையகத்து ஹற்றனிலிருந்து வந்து விடுதியில் நின்றவன் மட்டும் சிரிக்கவில்லை. சேர் சோக்கை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவேயில்லை. அவனிடம் போய், "தம்பி, இவங்களை மன்னிச்சுக்கொள்" என்றார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அதன் பிறகுதான் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களையும், வழியில் வாந்திபேதியில் செத்தவர்களையும், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் கடன் எழுதிய துண்டுச் சீட்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போனவர்களையும் பற்றிச் சொன்னார். 1948இல் அவர்கள் குடியுரிமை இழந்ததையும், 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டதையும் சொன்னார். அந்தக் கணக்கில் அவன் வீடும் இருந்தது. வருடம் முடிய முன்னரே அவன் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டான். வழியனுப்ப நான் விடுதிப் படலை வரைகூடப் போகவில்லை.

1984இல் நானும் வெளிக்கிட்டேன். லண்டனில் கனரி வார்ஃபில் இருபது வருடம் கணக்கு எழுதினேன். 1802இல் திறந்த மேற்கிந்தியக் கப்பல்துறை இருந்த இடம் அது. அடிமைகள் விளைவித்த சீனியை அடுக்கிய செங்கல் பண்டகசாலைகள் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கடந்து வங்கிக் கட்டடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு காலையும் சேரின் குரல் கேட்கும். அதைச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே காலம் போய்விட்டது.

இனி அவருக்கு எழுத முடியாது. விடுதியில் நின்றவர்கள் யாராவது ஹற்றன் நண்பன் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருக்கிறான் என்று அறிந்திருந்தால், இந்தப் பாடசாலை மலரின் குழு ஊடாகத் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்.