பதினேழாவது இடி

கீழ் வீட்டுப் பெரியவர் மேலே வந்துவிட்டார். அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு அவர் படியேறி வருகிறார் என்றால், ஒன்று எங்கள் குளியலறை ஒழுகுகிறது, இல்லை என் பெண் ஜன்னல் வழியாக எதையோ அவர் தலையில் போட்டிருக்கிறாள். இரண்டுக்கும் பொதுவான ஒரு மன்னிப்பைத் தயார் செய்துகொண்டுதான் கதவைத் திறந்தேன்.

"தம்பி, தினம் ராத்திரி பத்து மணிக்கு மேல என்ன இடிக்கிறீங்க?"

இடிக்கிறேனா? நானா? ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் பூனைக்குக்கூடக் கேட்காமல் டிஜிட்டல் பியானோ பழகும் பரம சாது நான்.

இதற்கு முன்னால் பழகிய கிடார் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம். அலமாரிக்குப் பின்னால் நலமாக இருக்கிறது. பியானோ பெண்ணுக்காக வாங்கியது. அவள் முறையாக டீச்சரிடம் போய், நொட்டேஷன் பார்த்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து வாசிக்கிறவள். எனக்கு அவ்வளவு பொறுமை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நாலே நாலு கார்ட், அதாவது ஒரே நேரத்தில் சேர்த்து அமுக்குகிற கட்டைக் கூட்டு, தெரிந்தால் பாதிப் பாப் பாட்டு கைக்குள் வந்துவிடும் என்று ஒரு நண்பன் ஆசை காட்டினான். சி, ஜி, ஏ மைனர், எஃப். ஆளுக்கு மூன்று கட்டை. நாலையும் சேர்த்தால் ஏழு வெள்ளைக் கட்டையும் ஒரு சுற்று வந்துவிடும், கறுப்புக் கட்டை ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். 88 கட்டையில் 36 கறுப்பு. அத்தனைக்கும் ஒரே நாளில் விடுமுறை கொடுக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். "நாலு கார்ட் போதுமாம்மா!"

"ஒரு கார்டோட பில்லக் கட்டவே முழி பிதுங்குது. நாலு எதுக்குடா உனக்கு?"

அது கார்ட் இல்லை, கார்ட் என்று விளக்க முயன்று தோற்றேன். நீங்களே சொல்லுங்கள், தமிழில் இந்த இரண்டையும் எப்படித்தான் பிரிப்பது?

அடுத்த சிக்கல் எண்களால் வந்தது. சி-யை ஒன்று என்று வைத்து எண்ணினால் ஜி ஐந்தாவது, ஏ ஆறாவது, எஃப் நாலாவது. ஆக 1-5-6-4. பாட்டு எந்த ஸ்கேலுக்கு, அதாவது எந்தச் சுருதிக்கு, போனாலும் கட்டைதான் மாறும், எண் மாறாது. அதனால் எண்ணாகவே மனப்பாடம் செய் என்றான் அதே நண்பன். ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக 1564 என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மனைவி கிழித்துப் போட்டாள். "பின் நம்பரை யாராவது ஊரறிய ஒட்டுவாங்களா?"

அடுத்த வாரம் 1645. அமெரிக்காவில் 1950-களின் காதல் பாட்டுகளெல்லாம் விழுந்து புரண்ட வரிசை அது. "நம்பரை மாத்தினா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்றாள். மூன்றாவது வாரம் 6415. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் மூன்று பின் நம்பர் வைக்கிற புருஷனைப் பற்றி ஒரு மனைவி என்னவெல்லாம் யோசிப்பாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் என் போனை அவள் தம்பி "சும்மா" வாங்கிப் பார்த்தான்.

பெண்ணின் பிரச்சினை வேறு. இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அப்பா, இது பாட்டு இல்ல. பாட்டுக்குப் பின்னாடி நிக்கிறது."

யூ2 குழு 1987-ல் 'வித் ஆர் வித்தவுட் யூ'வை முழுக்க முழுக்க இந்த 1-5-6-4-ஐ வைத்தே ஓட்டியது என்று தகவல் எடுத்துவிட்டேன். "அது டி-ல இருக்கு. டி-ல வாசிங்க பாப்போம்" என்றாள். டி-க்குப் போனால் நடுவிரலுக்குக் கீழே ஒரு கறுப்புக் கட்டை வந்து நிற்கிறது. எனக்கும் கறுப்புக்கும் ஒப்பந்தமே வேறு. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து சுருதியை ஏற்றுகிற ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை அமுக்கிவிட்டு, அதே சி, ஜி, ஏ மைனர், எஃப்-ஐ வாசித்தேன். பியானோ தானாகவே டி, ஏ, பி மைனர், ஜி என்று பாடியது. கண்டுபிடித்துவிட்டாள். ஏமாற்றாம்.

ஏமாற்று என்றால் 1706-ல் காலமான ஜெர்மன் இசையமைப்பாளர் பாகெல்பெலைப் போய்க் கேட்க வேண்டும். அவருடைய பேர்பெற்ற படைப்பான 'கேனன்'கூட டி, ஏ, பி மைனர் என்றுதான் கிளம்புகிறது. வயலின்காரர்கள் மேலே பறந்துகொண்டிருக்க, செல்லோக்காரர் மட்டும் அதே எட்டு ஸ்வரத்தை 28 தடவை இழுக்க வேண்டும். அந்த மனிதர் வீட்டிலும் ஒரு பெண் இருந்து "அப்பா, இது பாட்டு இல்ல" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரி, வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருக்கிறார்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு ஒலியை முழுக்கக் குறைத்து வாசித்துக் காட்டினேன். அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. தொம், தொம், தொம், தொம். நிஜ பியானோ மாதிரி கனம் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியலை வைத்திருக்கிறார்கள். பாட்டு ஹெட்ஃபோனுக்குள் போய்விடுகிறது, சுத்தியல் போவதில்லை. அது ஸ்டாண்டின் கால் வழியாகத் தரையில் இறங்கி, நேராகப் பெரியவரின் கட்டிலுக்கு மேலே போய்ச் சேர்கிறது.

மன்னிப்பை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"சத்தம் பரவாயில்ல தம்பி. நாலு இடி வருது. அப்புறம் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்துலதான் எனக்குத் தூக்கம் போகுது. அடுத்தது வருமா வராதா, வருமா வராதான்னு மேலயே பாத்துட்டுப் படுத்திருக்கேன். அது வந்துட்டா மிச்சமெல்லாம் ஒழுங்கா வந்துடுது. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சா அதே எடத்துல அதே நிறுத்தம்."

மூன்று வாரமாக என்னால் கண்டுபிடிக்க முடியாததைக் கட்டிலில் படுத்தபடியே கண்டுபிடித்திருக்கிறார். சி-யிலிருந்து ஜி-க்குப் போக என் கை மொத்தமாகக் கிளம்பி நாலு கட்டை தாண்டிப் போய் இறங்க வேண்டும். அந்தப் பயணத்துக்குத்தான் நேரமாகிறது.

"ஒரு நாள் மட்டும்," என்றார், "பதினாறு இடி தடங்கலே இல்லாம வந்துச்சு. எனக்கே சந்தோஷமாயிடுச்சு. பையன் தேறிட்டான்னு நெனச்சேன். பதினேழாவதுல விழுந்துட்டீங்க."

அன்றைக்கு நான் ராக் பக்கம் போயிருந்தேன். பன்னிரண்டு பார் ப்ளூஸ். ஒரு பார் என்றால் நாலு அடி. அதில் முதல் நாலு பாருக்கும் ஒரே கார்ட்தான், ஆணி அடித்தமாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்து அடிக்கலாம். ஐந்தாவது பாரில் கை நகர வேண்டும். நாலு நாலு பதினாறு. கணக்கு அப்படியே இருக்கிறது. எத்தனையோ பேர் முன்னால் வாசித்துக் காட்டியிருக்கிறேன், இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. இத்தனைக்கும் இவர் ஒரு ஸ்வரம்கூடக் கேட்கவில்லை.

அவர் போனதும் வெட்கத்தை விட்டு பெண்ணிடம் போய் நின்றேன். பெருமூச்சு விட்டபடி என் கையைப் பிடித்து கட்டைமேல் வைத்தாள். "கையைத் தூக்காதீங்க. சுண்டுவிரல் ஜி-ல இருக்குல்ல, அது அங்கேயே இருக்கட்டும். மத்த ரெண்டும் பக்கத்துல இருக்கற கட்டைக்கு இறங்கட்டும்." சி-ஈ-ஜி இருந்த இடத்திலேயே பி-டி-ஜி ஆனது. அதுவும் ஜி கார்டாம்! மூன்றையும் ஒரு கட்டை மேலே ஏற்றினால் சி-ஈ-ஏ, அதுதான் ஏ மைனர். அங்கிருந்து எஃப்-க்கு, நடுவில் இருக்கும் விரல் மட்டும் ஈ-யிலிருந்து அடுத்த கட்டைக்கு நகர்ந்தால் போதும். கட்டிலில் புரண்டு படுப்பதுபோல அத்தனை சுருக்கம். இன்வர்ஷன் என்று பெயராம். இத்தனை நாளாக நான் வீட்டை மாற்றிக்கொண்டிருந்தேன், இவள் நாற்காலியை மாற்றிக் காட்டினாள். "இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கல."

கூடவே ஸ்டாண்டுக்கு அடியில் தடியாக ஒரு ரப்பர் விரிப்பையும் போட்டுவிட்டேன். நல்ல பிள்ளை.

இரண்டு நாள் கழித்துப் படியில் பார்த்தார். முகம் சரியில்லை.

"நிறுத்திட்டீங்களா?"

"இல்லையே சார். ரப்பர் போட்டிருக்கேன், உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு."

"அதானே பாத்தேன். லேசா என்னமோ கேக்குது, ஆனா நிறுத்தத்துக்கு அப்புறம் வர்ற அந்த ரெண்டாவது நாலு வந்துச்சா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. முந்தியாவது வர்றவரைக்கும்தான் முழிச்சிருந்தேன்."

விரிப்பை எடுத்துவிட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை மறுபடியும் அதே படி. "ரெண்டாவது இப்ப டாண்ணு வருது," என்றார். என் மார்பு விரிந்து அடங்குவதற்குள், "நாலாவதுதான் முந்திக்குது." முந்தாமல் இருக்குமா? ஒரே ஒரு விரல் நகர்ந்தால் போதும் என்ற மிதப்பில் எஃப்-ஐ நேரத்துக்கு முன்பே போட்டுவிடுகிறேன் போலிருக்கிறது.

நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். ஹெட்ஃபோன், சி, ஜி. ஏ மைனருக்கு வரும்போது உள்ளங்காலில் ஏதோ தட்டியது. பெடல்தான் ஆடுகிறது என்று நினைத்துக் காலை நகர்த்தினேன். மறுபடியும் தட்டியது. ஹெட்ஃபோனைக் கழற்றினால் கீழேயிருந்து டொக், டொக், டொக், டொக். அவருடைய கைத்தடி. கூரையைத் தட்டித் திட்டுகிறார் என்று பதறி எழுந்துவிட்டேன். நான் எழுந்ததும் தட்டல் நின்றது. உட்கார்ந்து ஒரு சி போட்டேன். டொக். இன்னொன்று. டொக்.

தாளம் போடுகிறார்!

அந்த முழங்காலோடு கட்டில்மேல் ஏறி நின்றாரா, படுத்தபடியே தடியை உயர்த்தினாரா, தெரியவில்லை. எட்டு சுற்று சேர்ந்து போனோம். நாலாவது சரியாக வந்தது, எட்டு தடவையும். பெண் எழுந்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றாள், வழக்கமான விமர்சனம் எதுவும் வரவில்லை.

ஆனால் ஒன்று. பெரியவர் வேகம் எடுக்கிறார். ஐந்தாவது சுற்றிலேயே ஓட ஆரம்பித்துவிட்டார், எட்டாவதில் எனக்கு மூச்சு வாங்கியது. இதை எப்படி அவரிடம் சொல்வது என்றுதான் காலையிலிருந்து படிப்பக்கம் போகாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.