ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்: தோட்டத்தில் தோண்டிய சோதனைக் குழி

நூல் பிடித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தபோது காலை ஒன்பதரை. பக்கம் ஒரு மீட்டர் என்றால் மூலைவிட்டம் 141 சென்டிமீட்டர் வர வேண்டும். எனக்கு 138 வந்தது. பிடுங்கி அடித்து, மறுபடி பிடுங்கி அடித்து, மூன்றாவது தடவைதான் சதுரம் சதுரமாக நின்றது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏண்டா, இருபத்தஞ்சு வருஷம் லோன் கட்டப்போற மண்ணு. அதையா தோண்டுற?" என்றார்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு சிறிய கிராமம். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, வளைந்து போகும் ஒரே தெரு. இங்குள்ள வரலாற்று ஆர்வலர் குழு, மண்ணுக்குள் பழைய காலத்துப் பொருள் என்ன கிடக்கிறது என்று பார்க்க, ஒரு வார இறுதியில் ஊர் முழுக்கச் சோதனைக் குழி போடலாம் என்று வீடு வீடாகக் கேட்டது. ஒன்பது வீடுகள் சம்மதித்தன, எங்களுடையது எட்டாம் எண். ஒரு தொல்லியலாளர் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்து எல்லாக் குழிகளையும் பார்ப்பார். தோண்டுவது நம் வேலை.

இந்த ஆசை எனக்கு வந்தது போன கோடையில், யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி என்ற இடத்தில். ஆளில்லாத ஊர் அது. காரை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனால், கூரையில்லாத ஒரு தேவாலயம் நிற்கும். அதைச் சுற்றிப் புல் போர்த்த மேடும் பள்ளமும்தான் ஊர். மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் என்ற வரலாற்றாளரும் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளரும் 1950 முதல் 1990 வரை, நாற்பது கோடைகள், அந்த ஒரே ஊரைத் தோண்டினார்கள். அங்கே போகும்வரை, ஆளில்லாத ஊர் என்றாலே 1348-49இல் வந்த கருங்கொள்ளை நோய் (பிளேக்) துடைத்துப்போட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாரம் பெர்சியோ கொள்ளைநோய்க்குப் பிறகும் நூற்றைம்பது ஆண்டுபோல உயிரோடு இருந்திருக்கிறது. உழுவதைவிட ஆடு வளர்ப்பதில் லாபம் என்று கணக்குப் போட்ட நிலச்சுவான்தார் 1500 வாக்கில் மிச்சமிருந்த குடும்பங்களையும் வெளியேற்றிவிட்டார். ஊரைத் தின்றது ஆடு.

ஆனால் கைவிடப்பட்ட ஊர்களை மட்டும் தோண்டினால் தோற்றுப்போன ஊர்களின் கதை மட்டும்தானே கிடைக்கும்? பிழைத்துக்கொண்ட ஊர்களின் மேல் இன்றும் வீடு இருக்கிறது, ரோஜாச்செடி இருக்கிறது, டிராம்போலின் இருக்கிறது. பெரிதாகத் தோண்ட வழியில்லை. அதனால்தான் இந்தக் குட்டிக் குழிகள். கிழக்கு இங்கிலாந்தில் 2005இலிருந்து கேரன்ஸா லூயிஸ் என்ற தொல்லியலாளர் பள்ளி மாணவர்களையும் ஊர் மக்களையும் வைத்து இதையே பெரிய அளவில் செய்தார். அவர் கண்டுபிடித்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் படித்துவிட்டுத் தோண்டியதால் நான் கொஞ்சம் கெட்டும் போனேன்.

சனிக்கிழமை

விதிகள் எளியவை. முதலில் புல்லைக் கட்டம் கட்டமாக வெட்டி, எந்தக் கட்டம் எங்கே இருந்தது என்ற வரிசை மாறாமல் தார்ப்பாயில் அடுக்க வேண்டும். பிறகு பத்து சென்டிமீட்டர் ஆழம், ஒரே மட்டமாக. அது ஓர் அடுக்கு. அதன் மண் முழுவதையும் சல்லடையில் சலித்து, கிடைத்ததை ஒரு பையில் போட்டு, குழி எண்ணையும் அடுக்கு எண்ணையும் எழுதிவிட்டுத்தான் அடுத்த அடுக்கில் கை வைக்கலாம்.

பத்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். அது நூறு லிட்டர் மண். ஈரத்தோடு நூற்றைம்பது கிலோ தாராளமாக இருக்கும். மத்தியானத்துக்குள் எனக்கு முதுகு விட்டுப்போனது. இந்த ஊர் ஸ்பேட் நம் மண்வெட்டி மாதிரி குனிந்து வெட்டி இழுக்கிற கருவி அல்ல. காலால் மிதித்து இறக்கி நெம்ப வேண்டும். ஸ்பேடால் தோண்டினால் குழியின் பக்கங்கள் உள்நோக்கிச் சரிகின்றன. மூன்றாவது அடுக்கு வந்தபோது என் சதுரம் அடியில் எண்பது சென்டிமீட்டராகச் சுருங்கி, குளியல் தொட்டி போல ஆகியிருந்தது. சைக்கிள்காரர் வந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல், தன் கரணையைக் கொடுத்துவிட்டுப் போனார். கொத்தனார் சாந்து பூசும் அதே கரணைதான், நாலு அங்குல அலகு. விளிம்பைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் சுவர் நேராகிவிடுகிறது. நின்றுகொண்டு அல்ல, முழங்காலில்தான் தோண்ட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதல் அடுக்கில் இரண்டு லெகோ கட்டைகள், ஒரு பியர் கேன் வளையம், பச்சைக் கண்ணாடி. இரண்டாவதில் நிலக்கரி, துருப்பிடித்த ஆணிகள், நீலப்பூ போட்ட பீங்கான் துண்டுகள். விக்டோரியா காலத்து வீடுகள் தட்டை உடைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. ஒன்பது குழியிலும் நீலப் பீங்கான் கொட்டிக் கிடந்தது. மூன்றாவதில் களிமண் சுங்கான்கள். புகைபிடித்துவிட்டு உடைந்ததும் எறிந்த, சாக்பீஸ் போன்ற வெள்ளைக் குழாய்கள். ஏழு துண்டு. அவற்றுக்குத் தனிக்கதை உண்டு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: தங்கம் கிடைத்ததா? கிடைத்தால் தலைவலிதான் என்றேன். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் கிடைத்தால் பதினான்கு நாளுக்குள் கொரோனரிடம் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே கொரோனர்தான். புதையல்களை விசாரிப்பதும் இடைக்காலத்திலிருந்தே அவர் வேலை.

ஞாயிற்றுக்கிழமை

இரவு மழை. குழியில் ஒரு சாண் தண்ணீர். கோப்பையால் மொண்டு ஊற்றவே ஒரு மணி நேரம் போனது.

நான்காவது அடுக்கில் மண்ணின் நிறம் மாறியது. கறுப்பு வெளுத்து, சாம்பல் கலந்த பழுப்பு. சிவப்புக் களிமண்ணில் தேன் நிறப் பளபளப்புப் பூசிய சில துண்டுகள் வந்தன. கூடவே ஒரு துண்டு, கல்லைப்போலக் கெட்டி, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாய்ப் பழுப்பு மேற்பரப்பு. சைக்கிள்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஜெர்மனியின் ஃப்ரெக்கனில் சுட்ட கற்சாடியாம், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் பதினேழின் முடிவுக்கும் இடைப்பட்டது. சூளைக்குள் உப்பை வீசினால் ஆவியாகிப் படிந்து அந்தத் தோல் வருகிறது. முழுச் சாடியாக இருந்திருந்தால் கழுத்தில் தாடிக்காரன் முகம் ஒன்று இருந்திருக்கும். எனக்கு வந்தது அவன் தாடிக்கும் கீழே, வயிற்றுப் பகுதி.

ஐந்தும் ஆறும்தான் நான் காத்திருந்த அடுக்குகள். மெருகு இல்லை, பூ இல்லை, பளபளப்பு இல்லை. சாம்பல் நிறத்தில், மணல் நெருடும் மட்பாண்ட ஓடுகள். உலர்ந்த மண்ணாங்கட்டிக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரிய விரல் பழக வேண்டும். கட்டி நசுங்கும், ஓடு நசுங்காது. பதினான்கு துண்டு எண்ணினேன். இன்னும் கீழே, சோப்புக்கட்டி போல வழுவழுப்பாய், உள்ளே சிப்பித்தூள் வெள்ளைப் புள்ளிகளாய்த் தெரியும் நான்கு ஓடுகள். அவை செயின்ட் நியாட்ஸ் வகை, 900க்கும் 1100க்கும் இடைப்பட்டவை. 1066இல் நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முன்பே இந்த மண்ணில் யாரோ சமைத்திருக்கலாம் என்று துள்ளியபோது, அதே சல்லடையில் ஒரு நீலப் பீங்கான் துண்டும் கிடந்தது. முயலோ எலியோ வளை போட்டு மேலிருந்து கீழே தள்ளியிருக்கிறது. அடுக்கு என்று நாம் கோடு போடுகிறோம். முயல் அதை மதிப்பதில்லை.

அறுபத்தைந்து சென்டிமீட்டரில் மஞ்சள் களிமண்ணும் சுண்ணாம்புக் கட்டிகளும் வந்தன. சுமார் நாலரை லட்சம் ஆண்டுக்கு முன் பனிப்பாளம் இழுத்துக்கொண்டுவந்து போட்ட மண். கன்னிமண். அதற்குக் கீழே மனிதர் கிடையாது. நான்கு சுவரையும் வரைந்து, புகைப்படம் எடுத்து, அடியில் இந்த ஆண்டு அச்சிட்ட ஒரு காசைப் போட்டேன். பின்னாளில் தோண்டுகிறவருக்கு "இங்கே ஏற்கெனவே ஆள் வந்தாயிற்று" என்று சொல்ல. பிறகு ஒரு டன் மண்ணையும் திரும்ப உள்ளே தள்ளினேன். எடுத்த மண் திரும்பக் கொள்ளாது என்பார்கள், உண்மைதான். புல் போட்டதும் நடுவில் ஒரு திண்டு எழும்பி நின்றது.

கழுவும் வாரங்கள்

ஒரு வாளித் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், தரை முழுக்கச் செய்தித்தாள். ஓட்டின் உடைந்த விளிம்பைத்தான் தேய்க்க வேண்டும். எந்த மண், என்ன கலவை என்று அங்கேதான் தெரியும். செயின்ட் நியாட்ஸ் ஓடு ஒன்றை ஆர்வத்தில் அழுத்தித் தேய்த்து, மேல்தோலையே உரித்துவிட்டேன். இரும்பு ஆணியைத் தண்ணீரில் போடக்கூடாது என்று குறிப்பேட்டில் கொட்டை எழுத்தில் இருந்ததை, போட்ட பிறகு படித்தேன். மூன்றாம் அடுக்கின் சீட்டு நனைந்து மை கரைந்து 3ஆ 8ஆ என்று ஆனது. ஆறோடு குழி முடிந்ததால் தப்பித்தேன்.

அம்மா வந்து உட்கார்ந்து, சாம்பல் நிற ஓடு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அடுப்புல ஏறின சட்டிடா. வெளில மட்டும் கரி பாரு, உள்ள இல்ல. இது வளையுற இடம், கழுத்துக்கிட்ட. கரி இங்கயே நின்னுடுச்சு." ஓடுகளை வகை பிரிக்க வந்த நிபுணர் பத்து நாள் கழித்து அதே ஓட்டைப் பார்த்து, அதையே சொன்னார்: சமையல் பானை, தோள்பகுதி, வெளியே புகைக்கரி, 1100க்கும் 1350க்கும் இடையில். அம்மாவிடம் சொன்னபோது, "இதுக்கு ஒரு ஆளா?" என்றார்.

சுங்கான் கதை இதுதான். ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1954இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: காலம் செல்லச் செல்லச் சுங்கான் குழாயின் துளை சிறுத்துக்கொண்டே வருகிறது. அளக்கக் கருவி வேண்டாம், அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு கணக்கில் வரும் பழைய டிரில் பிட்டுகள் போதும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அப்படி ஒரு பெட்டி இருந்தது. என் ஏழில் இரண்டு 6/64, நான்கு 5/64, ஒன்று 4/64. சராசரி 5.14. லூயிஸ் பின்ஃபோர்ட் என்ற இன்னொரு அமெரிக்கத் தொல்லியலாளர் 1962இல் கொடுத்த சூத்திரம்: சராசரியை 38.26ஆல் பெருக்கி, 1931.85இலிருந்து கழி. எனக்கு வந்த விடை 1735. நூற்றுக்கணக்கான துண்டு இருந்தால்தான் இதற்கு மரியாதை, ஏழு துண்டை வைத்துச் சொல்வது ஜோசியம். ஆனாலும் அன்றிரவு முழுக்க 1735 என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வராதவை

நிபுணர் கொடுத்த பட்டியலைக் கால வரிசையில் அடுக்கினேன். 900-1100: நான்கு. 1100-1350: பதினான்கு. 1350-1550: ஒன்றுமில்லை. அப்புறம் நேரே சிவப்புக் களிமண்ணும் ஜெர்மன் சாடியும்.

முன்னே சொன்ன கேரன்ஸா லூயிஸின் ஆய்வு 2016இல் வெளியானது. கிழக்கு இங்கிலாந்தில் 55 ஊர்கள், ஏறத்தாழ 2,000 குழிகள். கருங்கொள்ளை நோய்க்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், பிந்தைய இருநூறு ஆண்டுகளில் வீட்டு உபயோக மட்பாண்டம் கிடைக்கும் இடங்கள் 45 விழுக்காடு குறைந்துவிட்டன. பஞ்சமும் போரும் நோயும் அடுத்தடுத்து வந்த நூற்றாண்டு பதினான்காவது, நோயும் ஒரு தடவையோடு நிற்கவில்லை, திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சரிவை ஏட்டில் அல்ல, உடைந்த சட்டியில் எண்ணிக் காட்டியதுதான் அந்த வேலையின் அழகு.

இதைப் படித்திருந்ததால், என் பட்டியலின் அந்தச் சுழியத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. எங்கள் தோட்டத்து வீடு நோயில் அழிந்தது என்று குழுவின் கூட்டத்தில் சொல்லவும் சொன்னேன். சைக்கிள்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு ஓடுகளை எடுத்து விளிம்பைத் தடவச் சொன்னார். ஒன்று கூர்மை, இன்னொன்று உருண்டு தேய்ந்தது. வீட்டருகே உடைந்து அங்கேயே புதைந்த ஓடு கூர்மையாக இருக்கும். குப்பையோடும் சாணத்தோடும் வயலுக்கு எருவாகப் போன ஓடு, ஏர் புரட்டிப் புரட்டித் தேய்ந்திருக்கும். என் பதினான்கில் ஆறு தேய்ந்தவை. ஆக, வீடு இந்தக் குழி இருந்த இடத்திலேயே நின்றதா, பக்கத்தில் நின்று குப்பையை இங்கே வீசியதா என்பதே உறுதியில்லை. வீட்டார் செத்திருக்கலாம். தெருவின் மறுமுனையில் இடம் காலியாகி அங்கே போயிருக்கலாம். ஒன்பது குழியில் பிந்தைய இடைக்கால (1350-1550) ஓடு கிடைத்தது இரண்டில் மட்டும், இரண்டுமே தேவாலயத்தை ஒட்டியவை. ஊர் அந்தப் பக்கமாகச் சுருங்கியது என்பதுவரை சொல்லலாம், அதற்கு மேல் போகாதே என்றார். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவர் சொல்வதுதான் சரி.

அறிக்கை மாவட்டத் தொல்லியல் பதிவேட்டுக்குப் போய்விட்டது. ஓடுகள் ஒரு காலணிப் பெட்டியில் இருக்கின்றன. டிசம்பரில் திண்டு அமுங்கி, பிறகு பள்ளமாகி, இப்போது மழைக்கெல்லாம் சரியாக ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கிறது. இரண்டு மூட்டை மண் வாங்கிப் போட வேண்டும். அடுத்த குழியை ஏப்ரலில் முன்பக்கம், தெருவோர வேலியை ஒட்டிப் போடுகிறேன். வீடு அங்கே நின்றிருந்தால் கூர்மையான ஓடுகள் வர வேண்டும். அம்மா அதற்குள் ஊருக்குப் போய்விடுவார், கரி பார்த்துச் சொல்ல வீடியோ அழைப்புதான்.