ரிக்கர் தேர்வில் என்னைக் கவிழ்த்த பெல்ட்

சிங்கப்பூர் துவாஸில் கிரேட்டிங் (இரும்புப் பட்டைகளால் ஆன கம்பித்தளம்) போடும் வேலையில் ஆறு வருஷம் இருந்த தைரியத்தில் ரிக்கர் சிக்னல்மேன் கோர்ஸுக்குப் போனேன். கிரேனில் சுமையைக் கட்டி, ஆப்பரேட்டருக்குச் சைகை காட்டுகிற வேலை அது. பாடம் தமிழிலேயே நடந்தது. எழுத்துத் தேர்வு தேறிவிட்டது, செய்முறையில் மாட்டிக்கொண்டேன். மேசையில் கிடந்த தூக்கும் பெல்ட்டுகளில் பார்க்கப் புதிதாக இருந்த ஊதா பெல்ட்டை எடுத்தேன். தேர்வாளர் ஒன்றும் பேசாமல் அதைத் திருப்பிக் காட்டினார். லேபிள் இல்லை, தைத்த நூல் மட்டும் மிச்சம். ஊதா என்றால் ஒரு டன் தூக்கும் என்று வாய் சொல்லிவிடும். ஆனால் லேபிள் இல்லாத பெல்ட்டை எடுத்தாலே தப்பு. தூக்கும் சாமான்களை 12 மாதத்துக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்திருக்கவும் வேண்டும்.

அடுத்த முறை நோட்டை மனப்பாடம் செய்யவில்லை. தினமும் தூக்கும் கிரேட்டிங்கையே வைத்துப் படித்தேன்.

முதலில் எடை. 32 மில்லி உயரம், 5 மில்லி தடிமன் உள்ள பட்டை, 30 மில்லிக்கு ஒன்று என்றால் ஒரு மீட்டர் அகலத்தில் 34 பட்டை. ஒரு மீட்டர் பட்டை ஒன்றேகால் கிலோ. குறுக்குக் கம்பியோடு சதுர மீட்டருக்கு சுமார் 45 கிலோ, கால்வனைஸ் பூச்சு தனி. ஒரு மீட்டருக்கு மூன்று மீட்டர் பேனல் 135 கிலோ ஆகிவிடும். 'ரெண்டு பேர் பிடிங்கப்பா' என்கிற ஃபோர்மேனிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் கோணம். இரண்டு கால் ஸ்லிங்கில் (ஒரே கொக்கியிலிருந்து இரண்டாகப் பிரியும் தூக்கு கயிறு) இரு கால்களுக்கும் நடுவே 60 டிகிரி என்றால் ஒரு காலில் எடையில் 58 சதவீதம் விழும். 90 என்றால் 71. 120 வந்தால் ஒவ்வொரு காலிலும் முழு எடை! தண்ணீர் வாளியை இரண்டு பேர் தூக்கும்போது விலகி நின்றால் கை கடுக்குமே, அதேதான்.

எங்கே மாட்டுவது என்று கேட்பார்கள். குறுக்குக் கம்பியில் கொக்கி போடவே கூடாது, அது பட்டைகளைப் பிடித்து வைக்கிற மெல்லிய கம்பி. கட்டாக வந்தால் பேக்கிங் பட்டையில் மாட்டித் தூக்காதீர்கள். பட்டையின் விளிம்பு பெல்ட்டை அறுக்கும், இடையில் உறை போட வேண்டும். பேனல் காற்றில் சுழலும், ஆகவே டேக் லைன், அதாவது கீழிருந்து பிடித்துக்கொள்ளும் கயிறு, கட்டாயம்.

போடும்போது, சுமை தாங்கும் பட்டை ஒரு பீமிலிருந்து அடுத்த பீமுக்கு ஓட வேண்டும். திசை மாற்றிப் போட்டாலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஏறி மிதித்தால்தான் தெரியும். ஒன்றை வைத்ததும் நான்கு மூலையிலும் கிளிப் முடுக்கிவிட்டே அடுத்ததைக் கேளுங்கள். கிளிப் போடாத பேனலில் நிற்கவும் வேண்டாம், ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கொக்கியை அதில் மாட்டவும் வேண்டாம். மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால் வேலை தொடங்க பெர்மிட் வேண்டும், இது எழுத்துத் தேர்விலும் வரும். கிளிப் போல்ட் துவாரம் வழியாகக் கீழே போகும் என்பதால் கீழேயும் தடுப்பு கட்ட வேண்டும்.

கைச் சைகையை டார்மில் (தொழிலாளர் விடுதியில்) பழகினேன். மேல் கட்டிலில் படுக்கும் தம்பிதான் கிரேன் ஆப்பரேட்டராக நடிப்பான். நான் காட்டுவதை அவன் வாயால் சொல்ல வேண்டும். 'நிறுத்து' காட்டுவதில் என் கை கொஞ்சம் தயங்கினாலும், 'லோடு இடிச்சிருச்சுண்ணே' என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வான். தேறுவதற்குள் ஒரு இருபது தடவையாவது இடித்திருப்பேன்.