திருமலையில் ஒரு நாத்திகரோடு

போளூருக்கும் ஆரணிக்கும் நடுவே, வடமாதிமங்கலம் பக்கம் இருக்கிறது திருமலை. பெயரைக் கேட்டுப் பெருமாளைத் தேட வேண்டாம். இது சமணர் மலை. ராஜராஜனின் அக்கா குந்தவை பேரில் இங்கே ஒரு ஜினாலயம், அதாவது சமணக் கோயில், உண்டு. சைவக் குடும்பத்துப் பெண் செய்த காரியம்!

நான் போனது வேண்டுதலோடு. துணைக்கு வந்த மச்சான் சுத்த நாத்திகர். சிற்பம் பார்க்க வந்தார்.

படியேறினால் பாறையிலேயே செதுக்கிய 16 அடி நேமிநாதர், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவர். நம் கோயில்களில் கண் தானாகவே அபயக்கரத்தைத் தேடும். இவருக்கு அது கிடையாது. ஆடை, ஆபரணம், ஆயுதம் எதுவுமில்லை. இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டாமல் நேராகத் தொங்குகின்றன. இவரிடம் எதைக் கேட்பது?

சன்னதியில் ஒரு நயினார் (தமிழ்ச் சமணர்) பெரியவர் பச்சரிசியால் ஸ்வஸ்திகம் வரைந்துகொண்டிருந்தார். நான்கு கைகளும் நான்கு பிறவிகளாம்: தேவர், மனிதர், விலங்கு, நரகர். அதன் மேல் மூன்று புள்ளி: நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். எல்லாவற்றுக்கும் மேலே வீடுபேற்றுக்கு ஒரு பிறை.

"ஐயா, இவர் வரம் தருவாரா?" என்று கேட்டேன்.

"தரமாட்டார். கோபிக்கவும் மாட்டார். வினையை வென்று கரையேறினவர், அவ்வளவுதான். உலகத்தை யாரும் படைக்கல தம்பி, அது எப்பவும் இருக்கு."

மச்சானுக்கு ஒரே குஷி. "மாப்ள, இவங்க நம்ம ஆளுங்க!"

பெரியவர் சிரித்தார். "படைச்சவன் இல்லைன்னுதான் சொல்றோம். உயிர் இல்லை, வினை இல்லை, மறுபிறவி இல்லைன்னா சொன்னோம்?"

மச்சான் அதற்கப்புறம் சிற்பத்தோடு நிறுத்திக்கொண்டார். கடவுளை மறுப்பவர்களையெல்லாம் ஒரே கூடையில் போட முடியாது என்பது அவருக்கும் புதுசு, எனக்கும் புதுசு.

ஆனால் கொள்கை எவ்வளவு கறாராக இருந்தாலும் மனுஷ மனசு ஒரு வழி வைத்துக்கொள்ளும். நேமிநாதரின் இயக்கி, அதாவது காவல் தெய்வம், தருமதேவி, சிங்கமும் பிள்ளைகளுமாக அங்கேயே குகையில் இருக்கிறாள். பிள்ளை வரம், கல்யாணம் எல்லாம் அவளிடம்தான் கேட்பார்களாம். வினைக்கோட்பாட்டோடு இது எப்படி ஒத்துப்போகிறது என்று பெரியவரைக் குடையலாமா என்று யோசித்தேன். சரி, அது அவர்கள் வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன்.

என் வேண்டுதலையும் அவளிடமே வைத்தேன். மச்சான் பக்கத்தில் நின்று, சிங்கத்தின் பிடரி நன்றாக வந்திருக்கிறது என்றார். பெரியவர் எங்களுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். இருட்டியபின் உண்ணாதது சமண நெறி; பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும்.