லேபர் ஆபிஸுக்குப் போகப் பயப்படாதீங்க

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்திலும் டவுன் கடைகளிலும் வேலை செய்கிற அக்கா தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். மண்டோர் (வேலையை மேற்பார்க்கிற கங்காணி) கையைப் பிடிக்கிறார், கேட்டால் சும்மா விளையாட்டு என்கிறார், வெளியே சொன்னால் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு போகிற பெண்கள் நமக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

பாலியல் தொல்லை என்று புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆகவேண்டும், 1955 வேலைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. விசாரிக்காவிட்டால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். 2023 ஜனவரி 1 முதல் இதைப் பற்றிய விழிப்புணர்வு நோட்டீஸை வேலை இடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்கவும் வேண்டும். உங்கள் இடத்தில் இருக்கிறதா, நாளைக்கே பாருங்கள்.

அப்புறம் கர்ப்பம். பிள்ளை வயிற்றில் இருக்கிறது என்பதற்காக யாரையும் நிறுத்த முடியாது, பிரசவ விடுப்பும் இப்போது 98 நாள். வேலையில் பாரபட்சம் காட்டினாலும் லேபர் ஆபிஸில் புகார் கொடுக்கலாம்.

பாலியல் தொல்லைக்கென்றே தனி நடுவர் மன்றமும் இருக்கிறது, 2022 பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தில் வந்தது. பொதுவாக அங்கே வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், அதனால் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம்.

தேதி, நேரம், யார் பார்த்தது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வாட்சப் செய்தியை அழிக்காதீர்கள். அநியாயமாக வேலையை விட்டு நிறுத்திவிட்டால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நான் வருகிறேன்.